தாஷூர் மேஸ்திரியும் அரைக் கோப்பைத் தேநீரும்

"அன்ரி, உங்களுக்கு இந்த வேலையை ஆர் பழக்கினது?" என்று உங்களில் ஒருத்தி போன கிழமை மனுகாவ் ரயில் நிலையத்தில் வைத்துக் கேட்டாள். ரயில் வந்துவிட்டதால் சிரித்துச் சமாளித்துவிட்டு ஏறிவிட்டேன். பதில் தெரியாமல் அல்ல. உண்மையைச் சொன்னால் கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்களே என்ற பயம்தான். பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகு, ஓய்வுபெற்றவளுக்கு இனி என்ன பயம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை பழக்கியவர் நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போனவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரிந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. அவர் எகிப்துக்காரர், தாஷூர் என்ற இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். நான் மன்னாரில் பிறந்து, ஒக்லாந்து நகரத்தின் விரிப் பகுதியில் ஒரு பட்டறையில் வேலை செய்தவள். அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மாதிரிகளும் காட்சிப்பொருட்களும் செய்வதுதான் எங்கள் தொழில். நம் ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வருவது அபூர்வம். நீங்கள் சிலர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பூச்சு, அச்சு, வண்ணம் எல்லாம் கை தானாகவே பழகிவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இந்த நாட்டில் தேநீர் இடைவேளையை ஸ்மோகோ என்பார்கள், அது உங்களுக்குத் தெரியும். எங்கள் முதலாளி கிரேக்கின் தகப்பன் காலத்தில், ஒரு பொருள் லாரியில் ஏறுவதற்கு முந்தைய ஸ்மோகோவில், அதற்குப் பொறுப்பானவர் அந்தப் பொருளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீரை ஆறுதலாகக் குடித்து முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்ததாம். தொங்கும் திமிங்கிலம் என்றால் அதன் வயிற்றுக்கு நேர் கீழே. கோப்பை காலியானால் பொருள் போகலாம். குடித்து முடிக்க மனம் வரவில்லை என்றால் போகக்கூடாது. காரணம் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. அளவுகோல் காட்டாததைச் சில சமயம் முதுகு காட்டிவிடும் என்பது அந்தக் கிழவரின் எண்ணம். கிரேக் இதைப் பழைய பகிடியாகத்தான் வைத்திருந்தார். நான் வந்த பிறகு அது என் தலையில் விழுந்தது. தேத்தண்ணிப் பைத்தியம் என்று எனக்குப் பெயர் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நகரத்தில் ஒரு காட்சிக்கூடம் எங்களிடம் பிரமிட்டுகளைக் கேட்டது. பெரியதொரு பிரமிட்டைச் செய்து நிறுத்தும் வேலையாக அது இருக்கவில்லை. பிரமிட் எப்படி வளர்ந்தது என்று காட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை எகிப்து என்றால் எனக்கு மறைக்கல்வி வகுப்பில் வந்த கொடுமைக்காரப் பார்வோன்தான். வேலைக்காகப் படிக்கத் தொடங்கினேன், படிக்கப் படிக்க வேறொரு எகிப்து எழும்பி வந்தது. முதலில் செங்கல்லால் கட்டிய தட்டையான கல்லறைகள். பிறகு சக்காராவில் யாருக்கோ அதன்மேல் இன்னொன்றை, கொஞ்சம் சிறிதாக, வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று. அப்படித்தான் படிப் பிரமிட் வந்தது. பிறகு மெய்தூமில், கட்டி முடித்த படிகளை நிரப்பி வழவழப்பான சரிவாக்கப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. இன்று அங்கே இடிபாட்டுக் குவியலின் நடுவே ஒரு கோபுரம் மட்டும் நிற்கிறது. எப்போது விழுந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அதற்கப்புறம் தாஷூரில் நடுவில் வளைந்த ஒன்று, அதன் அருகே சிவப்பாக இன்னொன்று, கடைசியில் கீசாவின் பெரியது. நாட்காட்டிப் படங்களில் வருவது கடைசிப்பிள்ளை மட்டும்தான். அதற்கு முன்னால் எத்தனை பேர் தடுமாறியிருக்கிறார்கள் என்று யோசித்தபோது எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய பாசம் வந்துவிட்டது.

அந்த வளைந்த பிரமிட்டைப் படத்தில் பாருங்கள். கீழ்ப்பகுதி செங்குத்தாக ஏறும். பாதி உயரத்தை நெருங்கும்போது சரிவு சட்டென்று குறைந்து, உச்சி தணிவாகப் போய் முடியும். நடு வேலையில் யாரோ மனம் மாறியிருக்கிறார். யார் அது? எப்படிப்பட்ட நாளில் மாறினார்? ரயிலில் போகும்போதும் வரும்போதும் நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஒக்லாந்தின் எரிமலைக் குன்றுகளைக் கவனித்திருப்பீர்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி முன்னோர்கள் படிகள் படிகளாகச் செதுக்கிவிட்ட சரிவுகள். மழை மேகம் அவற்றின் தலையை மறைக்கும் நாட்களில் நான் சக்காராவில் இறங்குகிறேனா விரியில் இறங்குகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒருமுறை இறங்க மறந்து அடுத்த நிலையம்வரை போய்விட்டேன்.

பாலாவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். திருநெல்வேலிக்காரன், எங்கள் பட்டறையில் மேற்பூச்சு அவனுடைய பொறுப்பு. எப்சம் பகுதியில், அங்குள்ள நல்ல பள்ளிக்கூடத்துக்காகவே, ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவியோடும் மகள் கவியோடும் இருந்தான். அவனுடைய விசா எங்கள் பட்டறையோடு கட்டப்பட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் பட்டறைக்கு வேறு பெரிய வேலை இல்லை. பிரமிட் வேலை கைவிட்டுப் போனால் கதவை மூடவேண்டியதுதான் என்று கிரேக் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கதவு மூடினால் பாலாவின் குடும்பம் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல் வேலை செய்தோம்.

காட்சியின் நடுவில் நிற்பதற்கு, மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அழுத்திய நிஜமான கட்டிகளால், என்னைப்போல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு படிப் பிரமிட் கட்டினோம். பிள்ளைகள் தொட்டால் கல்லைத் தொட்டதுபோல் இருக்கவேண்டும் என்பது கிரேக்கின் பிடிவாதம். உள்ளே குனிந்து போக ஒரு வழி, அதன் முடிவில் ஒரு சிறிய அறை. பாலா அதற்கு வெளிப்பூச்சுப் பூசி மெருகேற்றினான். என் வாழ்நாளில் அப்படியொரு வேலையை நான் பார்த்ததில்லை. மாலை வெயில் பட்டால் அது தேன் நிறத்தில் மின்னும். மற்றவர்கள் துணியால் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார்கள். நான் சாய்ந்து தேநீர் குடித்தேன், கோப்பை காலியானது. பாலா அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லியிருக்கிறான். அவளுடைய வகுப்பும் காட்சியைப் பார்க்க வரப்போகிறது என்பதால் அவளுக்கு ஒரே பெருமை.

அப்புறம்தான் அரசருக்கு ஆசை வந்தது. காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் வந்து பார்த்து, மிக அழகு என்று புகழ்ந்துவிட்டு, இதன் இரண்டு பக்கங்களில் மட்டும் படிகளை நிரப்பி வழவழப்பான சரிவாக்கிக் காட்டினால் வளர்ச்சி இன்னும் தெளிவாகத் தெரியுமே என்றார். மெய்தூமில் அன்றைய அரசன் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். கிரேக் உடனே தலையை ஆட்டிவிட்டார். வேலையைத் தக்கவைக்க வேண்டுமே.

அந்த நாட்களில் நான் மற்ற மாதிரிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிவந்து பார்த்தபோது, படிகளை நிரப்பும் வெளிக்கட்டு பாதி உயர்ந்திருந்தது. பூசிய சுவரின்மேல் இன்னொரு பூச்சோ கட்டோ வரவேண்டுமானால் முதலில் பழையதைக் கொத்திவிட வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். எந்த ஊர்க் கொத்தனாரும் சொல்லுவார். பாலாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"கொத்திவிட்டனியோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மனசு வரல," என்றான். "இதுக்குன்னே புதுசா ஒரு பசை வந்திருக்கு. கண்ணாடி மேலகூடப் பிடிக்குமாம். கிரேக்கும் கொத்த வேணாம்னு சொல்லிட்டாரு. இத எப்படிக்கா உளியால கொத்துறது?"

அந்த மினுங்கலைப் பார்த்தால் எனக்கும் மனம் வந்திராது. இப்படியொரு பிழை நல்ல கைக்காரர்களுக்குத்தான் வரும். அரைகுறை வேலைக்காரன் தன் வேலையை எந்தக் கவலையும் இல்லாமல் கொத்திப்போடுவான்.

வெளிக்கட்டு முடிந்தது. லாரி வரவேண்டிய நாள் வந்தது. மதிய ஸ்மோகோவுக்கு எல்லோரும் நின்றார்கள், நான் கோப்பையோடு உள்வழிக்குள் போனேன். பழைய கட்டும் புதிய கட்டும் சேரும் இடத்தில் முதுகைச் சாய்த்தேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.

கோடைகாலம். பட்டறையின் சுருள்கதவு திறந்திருந்தது. வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து என் கால்வரை எட்டியது. விமானமொன்று மாங்கரே பக்கம் தாழ்ந்து போக, அதன் இரைச்சல் அடங்கியதும் பெரிய அமைதி. அந்த அமைதிக்குள்தான் கேட்டது. முதுகுக்குப் பின்னால், இரண்டு கட்டுகளுக்கும் நடுவில், எங்கோ மேலேயிருந்து மணல் உதிர்ந்து இறங்கும் சத்தம். அரிசி புடைத்து முடித்துச் சுளகைச் சாய்க்கும்போது கடைசிக் குறுணல் வழுகுமே, அவ்வளவு மெல்லியது. நிற்கும். பிறகு மறுபடியும் தொடங்கும்.

நான் எழும்பவில்லை. ஏனென்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெயிலும் தேநீரும் தூசியும் சேர்ந்து ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் அவர் வந்து என் எதிரே குந்தினார். ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் வெள்ளைத் தூசி, நகக்கண்களில் சுண்ணாம்பு. தாஷூர்க்காரர். அவர் அங்கே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் காலை மடக்கி இடம் கொடுத்தேன்.

அவருடைய கதையை நான் படித்திருந்தேன். அடியில் நிலம் சரியில்லை. உள்ளறைகளில் விரிசல் விட்டது. சாந்து பூசி மூடிப் பார்த்தார்கள். கேதுரு மரக்கட்டைகளைக் குறுக்கே கொடுத்து முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். பைபிளில் வருகிற அதே கேதுரு. அந்தக் கட்டைகள் இன்றும் உள்ளே இருக்கின்றன. மேலே ஆயிரமாயிரம் பேர் கல் இழுத்துக்கொண்டிருக்க, இவர் கீழே விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கோடு நின்றிருப்பார். அப்படியே கட்டிக்கொண்டு போகலாம், அரசனுக்கு அதுதான் பிடிக்கும். எல்லாவற்றையும் பிரித்துப்போடலாம், அப்படிச் சொன்னால் தலை தப்பாது. இவரை நம்பி எத்தனை குடும்பங்களோ. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய பாஷை தெரியாது. அவர் தன் உள்ளங்கையைச் செங்குத்தாகத் தூக்கிக் காட்டினார். பிறகு மெல்ல, மிக மெல்ல, அதைச் சாய்த்தார். என் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் மணல் உதிர்ந்தது. பிறகு அங்கே வெயில் மட்டும் இருந்தது.

வெளியே வந்தேன். பாலா வாசலிலேயே நின்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தான். நான் அதைத் தரையில் வைத்தேன். பாதி இருந்தது.

"அக்கா, குடிச்சு முடிங்க," என்றான்.

"ஏலாது பாலா. உள்ளுக்குச் சத்தம் கேக்குது. ரெண்டும் ஒண்டையொண்டு பிடிக்கேல்ல."

கிரேக் ஓடிவந்தார். லாரிக்காரர் வந்துகொண்டிருக்கிறார், தேநீர் ஆறிவிட்டதென்றால் வேறு ஊற்றித்தரச் சொல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் பகிடிவிட முயன்றார் என்பது விளங்கியது, ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இரண்டு இரும்புத் தாங்கி கொடுத்து அனுப்பலாமே என்றார். கேதுருக் கட்டை, என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"வழக்கம் வழக்கம்தான் கிரேக்," என்றேன். "உங்கள் அப்பாவின் வழக்கம்."

அப்போதுதான் பாலா வெடித்தான்.

"உங்களுக்கென்னக்கா! உங்க கையில பாஸ்போர்ட் இருக்கு. இது போகலைன்னா நாளைக்கு நீங்க வேற வேலை தேடிக்கலாம். நான் எங்க போறது? கவி ஸ்கூல் என்னாகுறது? ஏதோ மணல் கொட்டுற சத்தமாம், அதுக்காக என் குடும்பத்தையே பிளேன் ஏத்தி அனுப்பிருவீங்களா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் செய்ததெல்லாம் அந்தக் கோப்பையைக் கையில் எடுக்காமல் நின்றது மட்டும்தான். பிள்ளைகளே, நெருக்கடியில் உங்களுக்குப் பெரிய வீரவசனம் தேவைப்படாது. எடுக்கக்கூடாததை எடுக்காமல் நின்றால் போதும். அதுவே எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலா குனிந்து கோப்பையை எடுத்தான். "நான் குடிக்கிறேன்," என்றான். "நான்தான கட்டுனேன்." யாரும் தடுப்பதற்குள் உள்வழிக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

"பாலா, வெளியில வா!" என்று கத்தினேன். சத்தம் போட்டால் அதிர்ந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொண்டேன். அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தூசி படிந்த சப்பாத்துகள். கிரேக் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் விரல்கள் ஈரமாக இருந்தன. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு விமானம் போனது. அது போய் முடிந்ததும் அதே அமைதி வந்தது. அந்தச் சப்பாத்துகள் அசையவில்லை. அவனும் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

அவன் மெதுவாகத் தவழ்ந்து வெளியே வந்தான். கோப்பையை முன்பு நான் வைத்த அதே இடத்தில் வைத்தான். அதில் பாதி அப்படியே இருந்தது.

"கவி கிளாஸ் திங்கக்கிழமை வருதுக்கா," என்றான்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளமான தடியால் மேல்வரிசையில் ஒரு கட்டியைத் தட்டிப் பார்த்தோம். ஒரு தட்டுதான். அந்தப் பக்கத்தின் வெளிக்கட்டு முழுவதும் ஒரே வழுக்கில் இறங்கி உள்வழியின் வாசலை மூடியது. தூசி அடங்கக் கனநேரம் எடுத்தது. அடங்கியபோது, குவியலின் நடுவே பழைய படிப் பிரமிட் தேன்நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது. மெய்தூமின் படத்தை ஆயிரம் முறை பார்த்தவள் நான். விரியில் வைத்து அதை நேரில் பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

பாலா கிட்டப் போய்ச் சுவரைத் தடவினான். "என் ஃபினிஷிங்ல ஒரு கீறல்கூட விழலக்கா," என்றான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். பசை முழுவதும் வெளிக்கட்டோடு போய்விட்டிருந்தது. முடிந்துவிட்டது என்று மெருகு போட்டதன்மேல் புதிது எதுவும் ஒட்டாது. இது சுவருக்கு மட்டும்தானா என்று புலம்பெயர்ந்து வந்த நாம் எல்லோரும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்தது அரசரிடம் போய்ச் சொல்லவேண்டும். இந்த இடத்தில்தான் நான் தாஷூர்க்காரரைக் குருவாக ஏற்றேன். அவர் வெறுங்கையோடு போய், விரிசல் விட்டுவிட்டது, மன்னியுங்கள் என்று நின்றிருக்கமாட்டார். சரிவைக் குறைத்தால் மேலே பாரம் குறையும், கல்லும் குறையும், ஆனாலும் உச்சி வரும் என்று கையில் ஒரு வழியோடு போயிருப்பார். அந்தக் கை சாய்ந்த விதத்தை நான் பார்த்தேனே. நோய் மெய்தூமினுடையது என்றாலும் மருந்து தாஷூரில் இருந்தது. கிரேக்கிடமும் பாலாவிடமும் சொன்னேன். பாலா குவியலின்மேல் உட்கார்ந்து கேட்டான். கேட்டு முடித்ததும் எழும்பிப் போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, யாரும் சொல்லாமலே, தன் மெருகைத் தானே கொத்தத் தொடங்கினான். முதல் கொத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளரிடம் நானே போனேன். நீங்கள் கேட்ட நேர்ச்சரிவு எங்களால் இயலாது, நடுவில் வளைந்து உச்சிவரை போகும் ஒன்றை ஒரு கிழமை பிந்தித் தருகிறோம், இந்தத் தடுமாற்றமும் பிரமிட்டின் வளர்ச்சியில் ஒரு பகுதிதான், எகிப்திலும் இதுதான் நடந்தது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உண்மையா, அல்லது சாட்டுச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இரண்டும்தான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த நாட்காட்டியை இழுத்துப் புரட்டினார். பள்ளிகளுக்கு அறிவித்து நாளை மாற்றவேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும், அவருக்கும் ஒரு அரசர் இருப்பார்தானே. கடைசியில், வளைவுக்குப் பக்கத்தில் ஏன் வளைந்தது என்று ஒரு பலகை வைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் படியிறங்கி வெளியே வந்து, வாகனத் தரிப்பிடத்தில் நின்று, ஒரு சின்னப்பிள்ளைபோல் அழுதேன்.

இதை எழுதுவதற்கு முன் பாலாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கக்கா. ஆனா அந்தப் பூச்சு நல்லா இருந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க," என்றான். எழுதிவிட்டேன். அவனுக்கு வதிவிட அனுமதி பிறகு வந்தது. ஆனால் நான் சொல்லப்போகும் நாளில் அது வந்திருக்கவில்லை. வருமா என்பதும் தெரியாது.

அது கவியின் வகுப்பு வந்த நாள். நானும் பாலாவும் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய், பார்வையாளர்களைப்போல் ஒரு ஓரத்தில் நின்றோம். என் கோப்பை காலியான பிறகு லாரியேறி வந்த வளைந்த பிரமிட் மண்டபத்தின் நடுவில் நின்றது. மேல்பாதி தணிந்து போன அந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் தயங்கி, பிறகு ஏறியது. பாலா கீழே இருந்த கடையில் ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் வாங்கி வந்திருந்தான். பாதி குடித்தவன், பிள்ளைகள் உள்வழிக்குள் போகத் தொடங்கியதும் நிறுத்திவிட்டான். கோப்பை கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராகப் போய், சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கவி கடைசி. அவள் போனாள், வரவில்லை. பழையதும் புதியதும் சேரும் அந்த இடத்தில் அவளுடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. ஆசிரியை மற்றப் பிள்ளைகளை அடுத்த காட்சிக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். பாலா உள்வழியின் வாசலுக்குப் போய்க் குனிந்தான்.

"கவி!" என்று கூப்பிட்டான். "வெளிய வாம்மா. எல்லாரும் போறாங்க பாரு."

உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது, அவர்கள் பேசும் ஆங்கிலத்தில். "ஒன் மினிட், அப்பா. இட்ஸ் ஸோ கொயட் இன் ஹியர்." உள்ளே அவ்வளவு அமைதியாக இருக்கிறதாம்.

பாலா என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, கையிலிருந்த ஆறிப்போன தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான்.